குரல் கொடுக்கக் கூடாது

பிரிக்ஃபீல்ட்ஸ், 1934

என்னங்க,

நான் சுகம். கடிதம் கண்டதும் ரயில் வேலையைப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பையன்களுக்குத் தீயணைக்கப் பழக்கும் பொம்பா நிலையத்தில், சொன்ன சொல் தட்டாதவன் என்று நம் கிரிகரியை நீங்கள்தானே சேர்த்துவிட்டீர்கள்!

சனிக்கிழமை அவனை அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகைக்குள் ஒளியவைத்துப் புகை போட்டார்களாம். மற்றப் பையன்கள் தேடிப் பிடிக்க வேண்டும். ஒளிந்திருப்பவன் குரல் கொடுக்கக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். அன்று கூரையே பற்றிக்கொண்டது. "எங்கடா இருக்க?" என்று எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். அதுவும் பயிற்சி என்றே நினைத்திருப்பான். வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சு மட்டும் ஓடுகிறது. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

உங்கள் சொல்லை அவன் தட்டமாட்டான். ஓடி வந்து, "பயிற்சி முடிஞ்சிருச்சுடா, பேசு" என்று சொல்லுங்கள்.

அவன் கட்டிலருகே இருந்து,
உங்கள் வீட்டுக்காரி