அடியில் வைத்த புள்ளி

செவ்வாய், இரவு.

விற்கும் பழைய பொருளின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பேன். வேறொன்றை மாற்றித் திருப்பித் தந்தால் பிடிபட்டுவிடும்.

இணையத்தில் என்னிடம் மிக்ஸி வாங்கிய பிடோக் வட்டாரத்துப் பெண், ஜார் ஒழுகுகிறதென்று இன்று கணவருடன் தேக்காவில் என் கடைக்கு வந்தார். ஜாரில் புள்ளி இல்லை.

"வீட்டுப் பழைய ஜார மாத்திக் கொண்டாந்திருக்கீங்க. இதெல்லாம் நான் நெறைய பாத்தாச்சுக்கா."

"நான் ஏண்ணே மாத்தப் போறேன்?"

கணவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "உண்மையச் சொல்லு லா," என்றார். அந்தப் பெண் ஜாரை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இப்போது பார்த்தால், புள்ளி வைத்த ஜார் என் அலமாரியிலேயே இருக்கிறது. நான்தான் வேறு ஜாரை மாற்றிக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

பணத்தை இப்போதே அனுப்பிவிடலாம். அது போதாது. நாளை பிடோக் போக வேண்டும், கணவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.