கொசுறுக்குக் கிடைத்த டெல்லிங் ஆஃப்

அன்புள்ள சகாயராணிக்கு,

லண்டனில் நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? மொரப்பூரில் மழை உண்டா?

நேற்று இங்கே ஒரு திட்டு வாங்கினேன். பயப்படாதே, சின்ன விஷயம்தான். சந்தையில் என் கடையில் கத்தரிக்காய் வாங்கியவருக்கு, நம்மூர் வழக்கப்படி ஒரு கை கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டேன். கையுறை போடவில்லையாம். சந்தையை மேற்பார்வையிடும் பெண், வாடிக்கைக்காரர்கள் முன்னால் விரலை ஆட்டி ஆட்டித் திட்டிவிட்டாள்.

பக்கத்துக் கடை அன்பு சேலத்துக்காரர். "விடுங்கண்ணா, இதுக்கு இங்க டெல்லிங் ஆஃப்னு பேருங்க. டீச்சருங்க புள்ளைங்களுக்குக் குடுக்கறது" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் நான் பள்ளிக்கூடப் பிள்ளையா? நேரே அவளிடம் போனேன். "தப்புன்னா ஓரமாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கறேன். நாலு பேரு முன்னாடி திட்டினா, நாளைக்கு என் சரக்க எவன் நம்புவான்?" என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். முகம் சிவந்து, "சாரி" என்றாள். கையுறையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

யாராவது இங்கே வந்தால் சாமையும் புளியும் கொடுத்துவிடு. குளிர் ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஸ்வெட்டர் வாங்கவில்லை. அதற்கு நீ போனில் திட்டு. ஸ்பீக்கரில் போடுகிறேன், நாலு பேர் கேட்கவே திட்டு.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன்
மரிய ஆனந்த்