குரலைக் கேட்ட ஒரு வரி

அப்பு,

ஏலக்காய் உலர்த்துகிற நம் ஸ்டோரிலிருந்து வாசம் வருகிறது. கூடவே உள்ளே இருக்கிற புதுக் கம்ப்யூட்டர் டப்பா "கீ கீ" என்று கத்துகிறது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தாங்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

போடியிலிருந்து குரங்கணி வரைக்கும் எத்தனையோ ஸ்டோர்கள் இருக்கின்றன. பேசுகிற ஸ்டோர் நம்முடையது ஒன்றுதான். சூடு கூடினால் உன் குரலிலேயே, "ஆத்தா, சூடு ஏறுது, விறகை இழு" என்று சொல்லும். அஞ்சாப்புப் படித்தவள் பெற்ற பிள்ளை செய்தது என்று, லோடு இறக்க வரும் ஜீப்புக்காரர்களை நிறுத்திக் கேட்க வைப்பேன். "ஏத்தா, மெசினப் போயி மகன்ங்கிற?" என்று கேலி பண்ணுவார்கள். நீ போன பிறகு ஒருவரும் கேலி பண்ணவில்லை. தலை குனிந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன வாரம் இடி விழுந்து, ஸ்டோரை ஓட்டிக்கொண்டிருந்த உன் பழைய கம்ப்யூட்டர் கருகிவிட்டது. உள்ளே இருந்ததை எடுக்கவே முடியாது என்று பழுது பார்ப்பவர் கை விரித்தார். நீ எழுதின புரோகிராமை உன் மகள் முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் அதைக் கட்டி ஓட வைக்கிற பில்டு ஃபைல் உன் காலத்து முறையாம், புதுக் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராதாம். வரி வரியாகப் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அது என்ன ஃபைல் என்று ஒருநாள் நான் கேட்டதற்கு நீ சொன்னாயே: "பறிக்காமக் கழுவ முடியுமா ஆத்தா, கழுவாம உலத்த முடியுமா? எது முந்தி, எது பிந்தி, எதை எங்கருந்து எடுக்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான்."

இன்று காலை மலையிலிருந்து காய் வந்து இறங்கியது. புரோகிராம் ஓடினால்தான் ஸ்டோரில் காற்றாடி சுற்றும். ஈரக்காயை நாளை வரைக்கும் போட்டுவைத்தால் பச்சை செத்துவிடும், வருஷத்துப் பாடெல்லாம் மஞ்சளாகிப் போகும். அவள் எல்லா வரியையும் மாற்றிவிட்டாள். ஒரே ஒரு வரியில் மட்டும் திரும்பத் திரும்ப நின்றது.

"என்னடி ஆச்சு?"

"அப்பா குரலைக் கேக்குது அப்பத்தா. அதை மட்டும் வேற எடத்துல வச்சு, அங்கருந்து எடுக்கச் சொல்லி எழுதியிருக்காரு. நான் இந்த ஃபோல்டரை மட்டுந்தான் காப்பி பண்ணேன்."

"அப்ப அந்த எடம்?"

"கருகிப்போச்சு."

உன் போனில் தேடினோம். சொந்தக்காரர் கல்யாண வீடியோக்களில் தேடினோம். எல்லாவற்றிலும் படம் பிடித்தவன் நீ, மேளச் சத்தம்தான் கேட்கிறது.

"அந்த வரிய எடுத்துட்டா ஓடிரும் அப்பத்தா, சூடு கூடினா அப்பா குரலுக்குப் பதிலா கீ கீன்னுதான் கத்தும்," என்று பிள்ளை அழுதாள். "நீயே சொல்லு. என்னால முடியல."

வாசலில் சாக்குச் சாக்காக ஈரக்காய். நான் என்னப்பா சொல்ல? உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றுகூட, ஸ்டோருக்குப் போனால் நீ இருப்பாய் என்று ஒரு பிடிமானம் இருந்தது.

"எடுத்துரு. வெரசா எடு" என்றேன்.

காற்றாடி சுற்றியது.

இதோ மறுபடியும் கத்துகிறது, எழுந்து போக வேண்டும். அது கத்தும்போதெல்லாம், விறகை இழுக்குமுன், நீ சொல்வதுபோலவே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்: "ஆத்தா, சூடு ஏறுது."

என் குரலில் அது நன்றாகவே இல்லை, அப்பு.