மாலை போட்ட வண்டி

உ

பீளமேடு,
தாது வருடம் மாசி மாதம் 9ஆம் தேதி

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை வெள்ளியங்கிரி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஈஸ்வரமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. எனக்குப் பொய் எழுத வராது. என் தங்கை தெய்வாத்தாள் தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி மாதம் ஒன்றாகப் போகிறது. சுகமாம், சுகம்!

முதலில் காரைப் பற்றி எழுதிவிடுகிறேன். நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்திருப்பது அதைத்தானே. அதையும் அவளையும் ஒரே வாரத்தில் அனுப்பினீர்கள். கார் என் பட்டறைக்கு லாரியில் வந்தது, கீறல் படாமல் அடியில் வைக்கோல் பரப்பி. அவள் கோழிக்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தாள். பொள்ளாச்சியில் பெரிய பண்ணையம், இருநூறு தென்னை, இதுதான் உங்கள் மரியாதை.

உங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை. அமெரிக்க வண்டி, நம் குண்டு குழிக்கென்றே உயரமாகச் செய்தது போல இருக்கிறது. இங்கிலீஷ் வண்டி பார்க்க அழகு, ஆனால் நம் கரிசல் சேற்றில் இறங்கினால் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். நீங்கள் வாங்கும்போதே சொன்னேன்: நல்ல சாலை கிடைத்தால் நாற்பது மைலில் விடுங்கள், இஞ்சினை மாட்டு நடையில் ஓட்டிக் கெடுக்காதீர்கள் என்று. மெதுவாக ஓட்டுகிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், உங்களுக்குத் தெரியும்.

இனி அந்த வண்டி ஏன் நின்றது என்று கேளுங்கள். ஆனைமலைக்கு மாசாணியம்மனைக் கும்பிடப் போன அன்று வண்டியின் மூக்கில் கைத்தடிமனில் சாமந்தி மாலை. அதன் மேல் பட்டுத் துணி. போதாததற்குச் சந்தனத்தைக் குழைத்து ரேடியேட்டர் சந்துகள் அத்தனையிலும் அப்பியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, அந்தச் சந்து வழியாகக் காற்றுப் போனால்தான் உள்ளே சுற்றுகிற தண்ணீர் ஆறும். வாயையும் மூக்கையும் பொத்திவிட்டு ஓடச் சொன்னால் நீங்கள் ஓடுவீர்களா? தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பிற்று, வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தேன். விசிறியில் வாழைநார் சுற்றிக் கிடக்கிறது. சந்தனம் காய்ந்து ஓடு போல ஒட்டியிருக்கிறது. ஊசி வைத்து நோண்டி எடுத்தேன்.

உங்கள் தாயார் அன்று என்ன சொன்னார்களாம்? "இவ காலை வெச்சதும் நின்னுபோச்சு பாரு கண்ணு, இறக்கி உடு" என்றார்களாம். நடுரோட்டில் இறக்கி, மாட்டு வண்டி பிடிக்க ஆளை அனுப்பி, அது வந்ததும் அவளை ஏற்றி அனுப்பினீர்கள். அதன் பிறகு கார் கிளம்பியதாம். உடனே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அட கடவுளே! அத்தனை நேரம் நிழலில் நின்ற இஞ்சின் ஆறிப்போகாதா? அவள் இடத்தில் ஒரு மூட்டை பருத்திக்கொட்டை இருந்திருந்தாலும் ஆறியிருக்கும். அப்புறமும் மாலையைக் கழற்றாமலே ஓட்டி, இஞ்சின் மூடிக்கு அடியிலுள்ள ஹெட் காஸ்கட்டை வெடிக்க விட்டீர்கள். அந்தப் பழியும் அவள் தலையில்தான்.

சாமி கும்பிடுகிறவர்களை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். பைக்காரா கரண்ட் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அம்மா பல்பு எரிந்ததும் கையெடுத்துக் கும்பிடுகிறாள். கும்பிடட்டும், அது அவள் இஷ்டம். பல்பின் மேல் அவள் துணி சுற்றவில்லை. பக்திக்கும் மூளைக்கும் சண்டையா என்ன?

என் வயிறு எரிவது இதற்கெல்லாம் அல்ல. நேற்று உங்கள் டிரைவர் ரசாக் வண்டியைப் பார்க்க வந்தான். மாலையை ஏனப்பா கழற்றவில்லை என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். "அம்மணி பின் சீட்டிலிருந்து ரெண்டு தடவை சொன்னாங்க, ஏனுங்க, மாலையைக் கழட்டிப்போட்டு ஓட்டச் சொல்லுங்க, இஞ்சினுக்குக் காத்துப் போகலீங்கன்னு. யாருங்க கேட்டாங்க?" என்றான். அவள் யாரிடம் சொன்னாள்? உங்களிடம்! முன் சீட்டில் உட்கார்ந்திருந்தீர்களே, வாயில் என்ன இருந்தது? இஞ்சின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள் சொல்கிறாள், உங்களுக்கும் விளங்குகிறது, ஆனாலும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். அவளை இறக்கியபோதும் சும்மா இருந்தீர்கள். இதை அவள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் உங்களை வெறுத்துவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

இப்போது பல்லடம் பக்கம் உங்களுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம். ராசியான பெண்ணாம். நன்றாகப் பாருங்கள். அவளும் ஒரு நாள் அந்த வண்டியில் ஏறத்தானே வேண்டும்?

இன்று காலை தெய்வாவை முன் சீட்டில் உட்காரவைத்து சிங்காநல்லூர் குளம் வரை போய் வந்தேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. நான் சிரித்தேன், அவள் அழுதாள்.

வண்டி தயார். ஆனால் ரசாக்கை அனுப்பிக் கொண்டுபோகலாம் என்று எண்ண வேண்டாம், சாவி தரமாட்டேன். நீங்களே வாருங்கள். என் தங்கையிடம் வாயைத் திறந்து பேசுங்கள். அவள் வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள். மாட்டேன் என்றால் வண்டியை மட்டும் எடுத்துப் போங்கள், அவளுக்கு இந்த வீட்டில் சோறு இருக்கிறது.

ஒரு சங்கதியை உங்களுக்கு எழுதக் கூடாதென்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அதுக்காக அவிய என்னையக் கூட்டிட்டுப் போக வேண்டாமுங்கண்ணா, எனக்காக வந்தா வரட்டும்" என்றாள். ஆகவே நான் எழுதவில்லை.

ஆனால் அவள் உங்களோடு கிளம்பினால், கிணத்துக்கடவுப் பள்ளங்களில் மாட்டு நடையில் போக வேண்டும். நடையை விடவும் மெதுவாக. பின் சீட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன், குலுக்கல் தெரியாமலிருக்க அடியிலுள்ள ஸ்பிரிங் வில்லும் மாற்றியிருக்கிறேன். அம்மா ஒரு பை எலுமிச்சம்பழம் தருவாள். அவற்றை டயருக்கு அடியில் வைத்து நசுக்கிவிடாதீர்கள். அவை தெய்வாவுக்கு, வழியில் முகர்ந்துகொள்ள.

மாசாணியம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத,
ஈஸ்வரமூர்த்தி