இரண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி

டீச்சர்,

இன்று சாயங்காலம் மழை விட்டதும் கடைத்தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வீட்டில் கரி மூட்டியிருந்தார்கள். ஈரக்காற்றில் அந்த வாசனை வந்ததுமே, நீங்கள் என் வாசலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் இறந்துபோன பிறகு ஏற்காட்டில் இது முதல் மழைக்காலம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். ஒரே கூரை, இரண்டு வீடு. நடுச்சுவரின் இந்தப் பக்கம் குளிர்காய எங்கள் கணப்பு, அந்தப் பக்கம் உங்கள் கணப்பு. இரண்டுக்கும் மேலே ஒரே புகைபோக்கி. நீங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குத் தபால் ஆபீஸில் வேலை. என் கணவர் சேலத்திலிருந்து வாரக் கடைசியில் பஸ் ஏறி வருவார். வீட்டில் நானும் சின்னக் குழந்தை விமலாவும்தான்.

மழைக்காலம் தொடங்கினால் போதும், புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பும். கொத்தனார் வந்து விரிசலைப் பூசிவிட்டுப் போவார். அடுத்த மழையில் மறுபடியும் கண் எரியும். "அடச்சுட்டு ஹீட்டர் வாங்கிக்கலாமுங்க டீச்சர்" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். "ஹீட்டரு முன்னால உக்காந்தா இஸ்திரிப் பெட்டி முன்னால உக்காந்த மாதிரி இருக்குமுங்க. இன்னொரு தடவ பூசிப் பாக்கலாம்."

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். விறகை விட்டுவிட்டுக் கரிக்கு மாறினீர்கள். புகை நின்றது. பழுது தீர்ந்துவிட்டது என்றே இருவரும் நம்பினோம்.

அந்த மத்தியானம் எனக்கு விடுமுறை. வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தேன். எங்கள் கணப்பை மூட்டவே இல்லை. விமலா சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாயில் சுருண்டு படுத்தாள். எனக்கும் தலை கனத்தது. குளிர்தான் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, தலவலி மாத்திர இருக்குதுங்களா? காத்தால இருந்து மண்ட வெடிக்குது" என்று வந்தீர்கள்.

"எனக்குந்தானுங்க டீச்சர். பாப்பாவும் எந்திரிக்க மாட்டேங்கிறா."

உங்கள் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். குனிந்து, "சாமி, என்னப் பாரு" என்று அவள் கன்னத்தைத் தட்டினீர்கள். அவள் கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. அப்படியே அவளை வாரித் தூக்கிக்கொண்டு தூறலுக்குள் ஓடினீர்கள். "எல்லாத்தையும் தொறந்து உட்டுட்டு வெளிய வாங்க! உள்ள நிக்காதீங்க!"

வாந்தி எடுத்த பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைப் போல நிம்மதி தந்த சத்தம் எதையும் நான் கேட்டதில்லை. எஸ்டேட் ஜீப் ஒன்றை நிறுத்தி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், "வீட்டுக்குள்ள எதப் பத்த வெச்சீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "என் ஊட்டு நெருப்புங்க டாக்டர். இவங்க ஊட்டுல ஒண்ணும் பத்த வெக்கல."

இரண்டு நாளில் விமலா ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். தலைச்சோலையிலிருந்து கொத்தனாரை வரவழைத்துப் புகைபோக்கியைத் திறந்து பார்க்கச் சொன்னீர்கள். உள்ளே இரண்டு வழிகளையும் பிரித்திருந்த தடுப்பு இடிந்து மேல்வாயை அடைத்திருந்தது. உங்கள் கரியின் கெட்ட காற்று, மேலே போக வழியில்லாமல் எங்கள் கணப்பு வழியாக இறங்கியிருக்கிறது.

"மறுபடி கட்டிப் பூசித் தந்தர்றேனுங்க டீச்சர்" என்றார் கொத்தனார்.

"பூசினப்புறம், கதவச் சாத்திட்டு இந்தப் புள்ளையத் தூங்க வெக்கலாமுங்களா? உங்க புள்ளையா இருந்தா வெப்பீங்களா?"

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "வெக்க மாட்டேனுங்க. சொவரே பழசு. எங்க விரிசல் உடுமுன்னு சொல்ல முடியாது."

"அப்ப ரெண்டு பக்கமும் அடச்சுருங்க."

நெருப்பை அவ்வளவு நேசித்தவர், முடிவெடுத்த பிறகு ஒரு தடவைகூட அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்து ஏங்கவில்லை. ஹீட்டர் வந்தது. பழைய வயரிங் இரண்டைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டதால் ஒன்றே ஒன்று. ஒரு நாள் உங்கள் வீடு, மறுநாள் எங்கள் வீடு. விமலா உங்கள் மடியில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தாள். "இஸ்திரிப் பெட்டி மோசமில்லீங்க" என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

அதன் பிறகு எத்தனையோ பொருட்களைப் பழுது பார்த்திருக்கிறேன், தூக்கிப் போட்டிருக்கிறேன். கொத்தனாரிடம் நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்டால் போதும், தயக்கம் போய்விடும். ஆனால் என்னோடு இன்னும் ஆழமாகத் தங்கியிருப்பது, ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன பதில்தான். யாரும் உங்கள் பக்கம் கை காட்டவில்லை. என் பிள்ளைக்கு மருந்து சரியாகக் கிடைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது உங்களுக்குப் பெரிதாக இருந்தது. ஓய்வு பெறும் வரை, ஆபீஸில் என் மேஜையிலிருந்து ஒரு தவறு போனால், அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கும் முன்பே எழுந்துவிடுவேன். "எங்கிட்ட இருந்துதான் போச்சுங்க" என்பேன், டீச்சர்.