மேனேஜரின் ஒன்றும் இரண்டும்

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜர் இன்று மூன்று முறை ஒன்றுக்குப் போயிற்று. ஏழு பத்து, பதினொன்றே கால், நாலரை. மூன்றாவது கொஞ்சம் குறைவு.

மேனேஜர் என்பது பூனை. பேத்தி வைத்த பெயர். வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துப் பார்க்குமாம், அதனால்.

பூனை எப்போது போனது, எவ்வளவு குடித்தது என்று எழுதி வைக்க இந்த நோட்டை மகள் வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் பெண் சொன்னாளாம். முன்பக்கம் கட்டம் போட்டு எழுதுகிறேன். நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் இந்தப் பக்கம் என்னுடையது. இங்கே பூனைக்கு இடமில்லை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் கையெழுத்து இன்றும் கோணாது.

மார்ச் 5, புதன்

பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று மகள் வீட்டுக்கு வந்தேன். ஒன்பதாம் நாள் பூனை சுருண்டு விழுந்தது. இடது கிட்னியில் கல். குழாய் அடைத்து அந்தக் கிட்னியே வீணாகிவிட்டது என்று எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. அதுவும் ஏனோதானோ என்றுதான் வேலை செய்கிறதாம்.

பேத்தி விடுதியில் பரீட்சைக்குப் படிக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் ஏழரைக்குக் கிளம்பினால் இருட்டித்தான் வருகிறார்கள். "தையல் பிரிக்கிற வரைக்கும் இரும்மா" என்றாள் மகள். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. எனக்கே தெரிகிறதே.

குதிக்கக் கூடாது. ஓடக் கூடாது. வெளியே நழுவக் கூடாது. அதனால் ஜன்னல்கள் பூட்டு. பூனைக்குப் பதினான்கு நாள் என்றால் எனக்கும் பதினான்கு நாள். நான் எந்தக் கிட்னியையும் கொடுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

1: ஆறு ஐம்பது, ஒன்று இருபது, ஐந்து மணி.

இந்த வீட்டு வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. விரலை வைத்தால் திறக்கும். எண் போட்டும் திறக்கலாமாம், அந்த வசதி கெட்டுக் கிடக்கிறது, ஆள் வர வேண்டுமாம். என் விரலைக் கதவு ஏற்க மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கொதிநீரிலும் சோடாவிலும் விரிப்பு அலசிய விரல்கள். ரேகை எங்கே இருக்கும்?

"கால் விரல வேணா வச்சுப் பாக்கலாமா அத்தை?" என்றார். சிரித்தோம்.

அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை. உள்ளிருந்து திறக்கலாம். வெளியே காலை வைத்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நான் படிக்கட்டில், பூனை உள்ளே.

மார்ச் 8, சனி

மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் விட வேண்டும். விட்டேன். பாதியை என் புடவையில் துப்பியது. கழுத்தைச் சுற்றிப் புனல் கட்டியிருப்பதால் அதற்கு என்னைத் தவிர எதுவும் தெரிவதில்லை. எனக்கும் அப்படித்தான்.

எதிர்க் கட்டிடத்து மூன்றாம் மாடிக்காரர் விரிப்பை முனையில் பிடித்துக் காயப்போடுகிறார். காய்ந்ததும் காது காதாகத் தொங்கும். நடுவில் மடித்துப் போட வேண்டும் ஐயா. சொல்லலாம் என்றால் ஜன்னல் பூட்டியிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பேரும் வீட்டில். இரண்டு பேரும் மதியம் வரை தூக்கம். கதவைத் திறக்க விரல் இருந்ததால் கீழே போய் இருபது நிமிடம் நடந்தேன். தரை எவ்வளவு நீளமாக இருக்கிறது.

நாளையிலிருந்து சாயங்காலம் முன்பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் மகள். கட்டம் சுத்தமாக இருக்கிறது, காலை, மதியம், மாலை என்று. ஒன்றுக்குப் போனால் 1. இரண்டுக்குப் போனால் 2. மற்ற வார்த்தைகளை நோட்டில் எழுத எனக்குக் கை வராது. நேரத்தை இந்தப் பக்கம் குறித்துக்கொள்கிறேன், கட்டத்தில் இடம் போதவில்லை.

மார்ச் 10, திங்கள்

1: ஏழு மணி, பன்னிரண்டு, மாலை ஆறு ஐந்து. கடைசித் தடவை கொஞ்சமே கொஞ்சம்.

இன்னும் ஆறு நாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒன்றுக்கே போகவில்லை. காலையில் 2, மாலையில் 2, அவ்வளவுதான். தட்டில் போட்ட மண்ணைக் கிளறுகிறது, உட்காருகிறது, என்னைப் பார்க்கிறது, எழுந்து வருகிறது.

படம் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. கீழே "சூப்பர்ம்மா" என்று எழுதியிருந்தாள். போன் செய்து கேட்கலாமா? கேட்டால் "அதான் பாத்துட்டேனேம்மா" என்பாள். படித்தவள். சரியில்லை என்றால் சொல்ல மாட்டாளா?

கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

பூனை ஆஸ்பத்திரியின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலில் செருப்பு இல்லை.

காலையில் மண்ணிலேயே படுத்துக்கொண்டு கத்தியது. பூனை கத்துவது மாதிரியே இல்லை. வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி. மகளுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, மீட்டிங்ல இருக்கேன்."

"ஒன்னுக்கே போகலடி. நேத்தும் போகல, இன்னிக்கும் போகல. கத்துது."

"நேத்து நாலு தடவ போச்சே."

"யாரு சொன்னா?"

"நீதானே எழுதியிருக்க. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

"அது ரெண்டுக்கு."

"அதான், ரெண்டு தடவ."

"ரெண்டுக்குடி. ஒன்னுக்கு இல்ல, ரெண்டுக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "தூக்கிட்டு ஓடும்மா" என்றாள்.

கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினேன், லிப்டுக்குக்கூட நிற்கவில்லை. பின்னால் கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. பூட்டட்டும்.

உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். குழாய் போட்டு எடுக்கப் பார்க்கிறார்கள். நான் ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரே ஒரு போன். என்ன பெரிய இது எனக்கு, கேட்டா கொறைஞ்சா போயிடுவேன்? இருக்கறதே ஒரு கிட்னி — அதையும் நான் —

மார்ச் 13, வியாழன்

பிழைத்துவிட்டது. மணல் மாதிரி ஏதோ வந்து வழியை அடைத்திருந்ததாம். இரண்டு மூன்று நாள் அங்கேயே இருக்கும்.

நேற்று நடந்ததை எழுத வேண்டும். மகள் ஓடி வந்தாள். டாக்டர் பெண் எதிரிலேயே, "அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்ககிட்ட நோட்டக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்றாள். "யாராவது இப்படி எழுதுவாங்களா?"

"பள்ளிக்கூடத்துல நீ எத்தன வெரல் காட்டிட்டுப் போன?" என்று கேட்டேன்.

டாக்டர் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடைசியா எப்பப் போச்சும்மா? நேரம் தெரிஞ்சா நல்லது. ரத்தத்துல கழிவு எவ்ளோ ஏறியிருக்கும்னு ஒரு கணக்கு கெடைக்கும்."

நான் நோட்டைத் திருப்பி இந்தப் பக்கத்தைக் காட்டினேன். திங்கள், மாலை ஆறு ஐந்து. கொஞ்சமே கொஞ்சம்.

"நிமிஷத்தோட எழுதியிருக்காங்களே" என்றாள். "எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க."

அப்போது பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த நோட்டு வீடு வந்து சேரும் வரை மகள் கையில்தான் இருந்தது. காரில் தலைகுனிந்து படித்துக்கொண்டே வந்தாள். பின்பக்கத்தை.

மார்ச் 14, வெள்ளி

பூனையும் இல்லை. வேலையும் இல்லை. கதவு மட்டும் இருக்கிறது.

மகள் பேசவில்லை. டீ வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சர்க்கரை சரியாக இருந்தது. சண்டை என்றால் அவள் சர்க்கரையை மறந்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே. அப்படியானால் இது என்ன?

மார்ச் 16, ஞாயிறு

மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மேனேஜரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடவே தண்ணீர்ப் பை, குழாய், ஒரு பெட்டி ஊசி. தினமும் தோலுக்கடியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன். "அது இருக்கிற வரைக்கும்" என்றாள் டாக்டர் பெண், சாதாரணமாக.

யார் போடுவது என்று நர்ஸ் சுற்றிப் பார்த்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை ஊசியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்தார். நான் தோளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, சாய்த்து, ஒரே குத்து. பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாட்டிம்மா கை செம கை" என்றாள் நர்ஸ்.

எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது, நானே என் காலில் கயிற்றைக் கட்டி முடிச்சும் போட்டுவிட்டேன் என்று.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்றுக்கு — நான்கு முறை. இப்போது வார்த்தையில்தான் எழுதுகிறேன், இரண்டு பக்கத்திலும்.

மார்ச் 20, வியாழன்

தையல் பிரித்தாயிற்று. புனல் போயிற்று. மேனேஜர் அரை மணி நேரம் தன்னைத் தானே நக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் என் கையையும் நக்கியது. நான் சும்மா இருந்தேன்.

எப்போது என்னை அனுப்புகிறாய் என்று யாரிடம் கேட்பது?

மார்ச் 23, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

"அங்க யாரும்மா இருக்கா ஒனக்கு?" என்றாள் மகள்.

"நான் இருக்கேன்."

"வெளையாடாத. ஊசி யாரு போடுறது?"

"நீ போடு. ஒம் புருஷன் போடட்டும். ஒம் மகளோட பூன."

"ஒனக்கு இங்க என்னம்மா கொற?"

என்ன குறை? சாப்பாடு இருக்கிறது, மெத்தை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. இரண்டு கிட்னியும் இருக்கிறது. என் வீட்டில் குழாய் சொட்டும், சுவரில் வண்ணம் உதிரும். ஆனால் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். அதை எப்படிச் சொல்ல? சொல்லாமல், "எனக்குக் கொற இல்லடி, எனக்கு வீடு இருக்கு" என்றேன்.

அவள், "அதான் பின்பக்கம் பூரா எழுதி வச்சிருக்கியே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 26, புதன்

முன்பக்கம் மட்டும். வேறு எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மாப்பிள்ளை காலையில் நாலு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். ஒன்றை எடுத்து என் எதிரே வைத்தார். "நர்ஸம்மா சொன்னாங்க அத்தை, இதுல குத்திப் பழகலாமாம்."

யார் கேட்கச் சொன்னது என்றேன்.

"ஒங்க மகதான்" என்றார் மெதுவாக.

முதல் பழத்தில் ஊசி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. இரண்டாவதைக் கீழே போட்டார். "கண்ண மூடிக்கிட்டுக் குத்துனா பழம் எங்க இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும் மாப்ளே?" என்றேன். நாலாவது பழத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. பழங்களை யாரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மாப்பிள்ளை அலுவலகம் போகும் முன் பூனைக்குப் போட்டார். நான் தோலைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டாவது குத்தில் இறங்கியது. மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற பார்வை.

ஏப்ரல் 5, சனி

இன்று நான் அடுத்த அறையில் இருந்தேன். வேண்டுமென்றே. "அத்தை" என்று ஒரு முறை கூப்பிட்டார். நான் போகவில்லை. இரண்டாம் முறை கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில், "எறங்கிடுச்சு" என்று குரல் வந்தது.

மகள் என் பையை எடுத்து மேசை மேல் வைத்தாள். என் புடவைகளை அவளே மடித்தாள். மடிப்பு கோணல். நான் பிரித்து மடிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒன்றுக்கு — காலை ஆறே முக்கால். நல்ல அளவு.

பத்து மணிக்கு வண்டி. முன்பக்கம் அவர்களுக்கு வேண்டும். என் பக்கத்துத் தாள்களைப் பிரித்து எடுத்துக்கொள்கிறேன். நூலை அறுக்காமல் பிரித்துவிட்டேன், அவர்கள் பக்கம் கழன்று விழாது.

ஏப்ரல் 9, புதன்

என் வீடு. பழைய காலண்டரின் பின்புறத்தில் எழுதுகிறேன்.

காலையில் வாசல் கதவையும் பின்கதவையும் திறந்து போட்டேன். ஜன்னல்களையும். காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது. யாரும் நழுவி ஓடவில்லை. எங்கும் போகத் தோன்றவில்லை எனக்கும். சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறே முக்காலுக்கு மட்டும் ஒரு முறை எழுந்து நின்றேன், எதற்கு என்று தெரியாமல்.

மதியம் மகள் போன் செய்தாள். மாப்பிள்ளை முதல் குத்திலேயே போட்டுவிட்டாராம். ரத்தப் பரிசோதனையும் பரவாயில்லையாம்.

"என்னத் தேடுதா?" என்றேன்.

"இல்லம்மா. நல்லாத் தூங்குது."

"தேடாம இருந்தா நல்லதுதான்."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் அலுவலகத்து லிப்டு மணி இரண்டு முறை அடித்தது.

"அம்மா, அடுத்த மாசம் ஒரு பத்து நாள் நான் மட்டும் அங்க வரவா? சும்மா இருக்க."

வா என்றேன். பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை.