ஸ்கார்வா ஆற்றுக்கு மருந்து விடும் திங்கள்

அன்புள்ள தோர்கைருக்கு,

உன் மனைவி குன்வோர் எழுதுவது. நான் சுகம். வார்டோ துறைமுகத்தில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டாய், இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வரும் திங்கள் ஆற்றில் மருந்து விடுகிறார்கள். அருவியிலிருந்து கழிமுகம் வரை நம் ஸ்கார்வா எவ்வளவு தூரம்? கையிலிருக்கும் காபியின் சூடு குறைவதற்குள் நடந்துவிடலாம். அதற்குள் இருக்கும் சால்மன், டிரவுட், விலாங்கு எல்லாம் சாகவேண்டும். அப்போதுதான் சால்மனைத் தின்னும் அந்த ஒட்டுண்ணியும் ஒழியுமாம். உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது, அதனால் கடலுக்குப் போன மீன்கள் மட்டும் தப்பும்.

ஊரே யோஸ்டைத்தான் குற்றம் சொல்கிறது. வருடா வருடம் ஹாலந்திலிருந்து மீன் பிடிக்க வந்து நம் கொட்டகையில் தங்கும் மனுஷன்! கடைக்காரி இங்கெபோர்க், "வெளியூரான் வலைதான் நோயைக் கொண்டாந்துச்சு" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். பாலத்தடியில் கிருமிநாசினித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, "வலையை நனைச்சியா? முழுசா நனைச்சியா?" என்று அவரை அதட்டியவன் நீ. ஏற்கெனவே அந்த நோய் கண்ட உன் அண்ணன் ஊர் ஆற்றில் மீன் பிடித்த கைவலையை, ஈரம்கூடக் காயாமல் நேராக நம் ஆற்றில் போட்டவனும் நீதான். "நம்ம வலைதானே, இதுக்கென்ன குளியல்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுநாளே படகேறினாய். ஊருக்குத்தான் உபதேசம்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நேற்று யோஸ்ட் சமையலறையில் வந்து நின்று அழுதார். "நான்தான் எங்கியோ சரியா நனைக்காம விட்டிருக்கணும், குன்வோர். உங்க ஆத்தைக் கொன்னுட்டேன். மன்னிச்சிடு" என்றார். நான் "போகட்டும், விடுங்க" என்றேன். மன்னித்துவிட்டேன், தோர்கைர்! காபியும் வாஃபிளும் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிச் சாப்பிட்டார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் போனபின் அந்தத் தட்டைத் தொடக் கை வரவில்லை.

செத்த மீன் பொறுக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். அவரோடு சேர்ந்து கூடை தூக்க ஒருவரும் முன்வரவில்லை.

திங்கள் காலை கூடையின் மறுபக்கத்தை நான் பிடிக்கப்போகிறேன். அதற்குள் நீ வந்து சொல்லாவிட்டால், தூக்குமுன் நானே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், ஊரார் காது கேட்கவே. அது உன் வாயிலிருந்து வரவேண்டிய சொல். என் வாயிலிருந்து வந்தால் நான் உன்னைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். அந்தப் பழியை எனக்குக் கொடுக்காதே.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வந்ததும் முதலில் கொட்டகைக் கதவைத் தட்டு. அப்புறம் வீட்டுக்கு வா.

உன் வரவுக்காக,
குன்வோர்